வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

இரசாயனப் பொறியியல் படித்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் ஓர் உணவுக் கம்பனியில் சேர்ந்தேன். போத்தலில் அடைத்து விற்கக்கூடிய மாசிக் கருவாட்டுச் சம்பல் ஒன்றை உருவாக்குவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. வெள்ளவத்தையில் எங்கள் பிளற்றுக்குக் கீழ்மாடியில் இருக்கும் அன்ரி, லிஃப்டில் என்னைக் கண்டால் விடமாட்டார்.

"சம்பல் இடிக்கவோ பிள்ளை நாலு வருசம் கம்பஸுக்குப் போனனீர்?"

சிரித்துவைப்பேன். ஆனால் அம்மாவிடமும் என்னைப் பற்றி ஏதோ கதைத்துவைக்கிறார் என்று எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தேகம் என் கூடப்பிறந்தது. பால் பைக்கற்றை மூன்று தரம் திகதி பார்க்காமல் வெட்டமாட்டேன்.

எண்ணெய் பழசானால் வரும் காறல்தான் போத்தல் சம்பலுக்கு எமன். அதைக் கண்டுபிடிக்க, போத்தல்களைச் சூடான அலமாரியில் வைத்து அவசரமாகப் பழசாக்குவோம். பிறகு புதனும் வெள்ளியும் ஆறு பேர் ருசி பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடுவார்கள். ஆறு பேரும் பொதி செய்யும் பகுதியில் வேலை செய்த பெண்கள், நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலைக்கு வராதவர்கள். புதன்கிழமை ருசி பார்க்கிறபோது நான் கூட நிற்பேன். வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. மாசி வாடையே வேண்டாமென்று அன்றைக்கு மேல்மாடியில் இருந்து அறிக்கை எழுதுவேன். கிண்ணங்களை எடுத்துவைப்பது ஆய்வுகூட உதவியாளரின் பொறுப்பு.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். கொழும்பு வாழைத்தோட்டத்துக்காரர், முஸ்லிம். பட்டம் கிடையாது. பெட்டி தூக்கும் வேலையில் சேர்ந்து, ஏழு வருடத்தில் ஆய்வுகூடத்துக்கு ஏறி வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் கிண்ணங்களைப் பரப்பிவைத்துவிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போய்விடுவார்.

மூன்றாவது வாரம் புள்ளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். புதனில் நான்கு, ஐந்து. 'காறுது' என்று பக்கத்தில் எழுத்து வேறு. அதே போத்தலுக்கு வெள்ளியில் எல்லாரும் ஒன்பது. இரண்டே நாளில் காறல் குறைகிற சம்பலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை யாரோ புதுப் போத்தலைத் திறந்து கிண்ணத்தில் போடுகிறார்கள். அந்த யாரோ யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவருடைய மச்சானுக்குப் புறக்கோட்டையில் மாசிக் கடை இருந்தது. எங்களுக்கு மாசி வந்ததும் அங்கிருந்துதான். சம்பல் பாஸானால் கடைக்கு யோகம். அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி அவரிடமும் ஒன்று இருந்ததால் அதிலும் நிம்மதி வரவில்லை. அவர் போனில் மெதுவாகக் கதைத்தால் கதவருகே போய் நின்றேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றேன். கடைசியில் மனேஜரிடம் போய், சாம்பிள் மாற்றப்படுகிறது என்று அவர் பெயரைச் சொன்னேன்.

"எனக்கும் ஒரு டவுட் இருந்தது, தங்கச்சி" என்றார் மனேஜர். அதற்கு முதல் நாள்வரை அப்படி எந்த டவுட்டும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. விசாரணை என்று ஒன்று நடக்கவேயில்லை. அடுத்த நாள் காலை உதவியாளரை ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து, சாவியை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை கிண்ணங்களை நானே எடுத்துவைத்தேன். பழைய போத்தலை என் கையால் திறந்தேன். மேல்மாடிக்கும் போகவில்லை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே முதலாவது பெண் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, அப்படியே பேசினில் கொட்டிக் கழுவினாள். பேனையை எடுத்து ஒன்பது போட்டாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். ஆறு பேரும் செய்தார்கள்.

உள்ளே போய், "ஏன் ஒருத்தரும் வாயில வைக்கேல்லை?" என்று கேட்டேன்.

முதலாவது பெண்தான் பதில் சொன்னாள். "வெள்ளிக்கிழமை மாசிய எப்படி மிஸ் வாயில வைக்கிறது? நீங்களும் வைக்க மாட்டீங்கதானே. உங்க சாமான் நல்லா வரணும்னுதான் எல்லாரும் ஒம்பது போட்டோம்."

நான் விரதம் என்றால் அவர்களும் விரதம் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. நேரே மனேஜரிடம் ஓடி, பிழை என்னுடையது, அவரைத் திருப்பி எடுங்கள் என்றேன்.

"விடுங்கோ தங்கச்சி, ஸ்டோர்ஸிலயும் ஆள் தேவைதானே" என்றார்.

பிறகு ஸ்டோர்ஸுக்குப் போனேன். அவர் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ருசி பாக்குறது அந்த ஆறு பேரும்தானே மிஸ். அவங்கள்ட்ட ஒருக்கா கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கல்ல?"

என்னிடம் பதில் இருந்தது. அதை அவரிடம் சொல்லாமலே ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். பால் பைக்கற்றையே நம்பாத நான், அந்த ஆறு பேரில் ஒருவரைக்கூடச் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அவர்கள் எங்கள் ஆட்கள்.

வெள்ளிக்கிழமைப் பரிசோதனையை வியாழனுக்கு மாற்றினேன். காறலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். சம்பல் இப்போது கடைகளில் விற்கிறது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்து, எனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். அவர் இன்னும் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறார்.