தாடியும் தடியும்

என் மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு நானே அச்சுக் கோத்தேன். ‘திருவளர்செல்வி’யில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு, அவளைத் ‘திருவளர்செலவி’ ஆக்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் வேலை அப்படித்தான் இருக்கும். “வேணும்னே பண்ணியாப்பா?” என்று அவள் என்னைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் ஆள் வந்தது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் துரைக்கண்ணு அண்ணன் போய்விட்டார்.

ஒடுகத்தூரில் அவருடைய நாலு பக்கப் பத்திரிகையைப் படித்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அவரே எழுதுவார், அவரே சைக்கிளில் கொண்டுபோய் விற்பார். அச்சுக் கோப்பது மட்டும் நான்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். மலைமேல் ஒரு விவசாயி தன் கொல்லைப் புளியமரத்தைத் தானே உலுக்கிவிட்டான் என்று, புளிக் குத்தகைக்காரரின் ஆட்கள் அவனை அதே மரத்தில் கட்டி அடித்தார்கள். விலா நொறுங்கி மூன்றாம் நாள் செத்தான். அண்ணன் மலையேறிப் போய், அவன் மனைவியிடம் கேட்டு எழுதினார்: ‘தடியால் அடித்தே கொன்றார்கள்.’ நான் ஒரு துணைக்காலைக் கூடப் போட்டு ‘தாடியால்’ என்று கோத்துவிட்டேன். குத்தகைக்காரருக்கோ தொப்புள் வரை தாடி.

கொலையை எழுதியதைக்கூட அவர் விழுங்கியிருப்பார். ஊர் சிரித்ததை விழுங்க முடியவில்லை. அவதூறு வழக்குப் போட்டார். அதற்கு முன்பே நாலு பேரை அச்சகத்துக்கு அனுப்பினார்.

“எவன்டா அந்தத் தாடியைக் கோத்தது?”

மை படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “எழுதனதும் நான்தாங்க, கோத்ததும் நான்தாங்க” என்றார். அவருடைய வலது கையை மிஷின் மேல் விரித்துப் பிடித்து இரும்புச் சட்டத்தால் அடித்தார்கள். நாலாவது அடியில்தான் கத்தினார். மூன்று விரல்கள் கூழாயின. எழுத்துத் தட்டெல்லாம் ரத்தம். மறுநாள் ஒவ்வொரு எழுத்தாக மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன்.

கோர்ட்டில் கட்டுப்போட்ட கையோடு நின்றார். “தப்பா அச்சடிச்சதை ஒத்துக்கிறீங்களா?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“தாடி தப்புதாங்க. தடி நெஜம்.”

ஆறு மாதம் உள்ளே போட்டார்கள்.

வெளியே வந்து இடது கையால் எழுதினார். அந்தக் கிறுக்கலை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது. புரூஃப் பார்க்கும்போதெல்லாம், “இன்னாப்பா, இந்தவாட்டி யாருக்குத் தாடி வெச்சுக்கீற?” என்பார். வெட்கமில்லாமல் நானும் சிரிப்பேன். அந்த இடது கைத் தாள்கள் ஒரு கட்டு என்னிடம் இருக்கின்றன. யாருக்கும் தர மாட்டேன்.

பாடையில் கிடத்தியபோது, மடங்காத அந்த மூன்று விரல்களைத் தடவியபடி அண்ணி அழுதார். “ஒரு எழுத்தை ஒழுங்காக் கோத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?”

வீட்டிலும் அண்ணன் அதையேதான் சொல்லிவைத்திருந்தார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கோத்தது நான்தான், அண்ணி. அதைச் சொல்லாமல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.