எஞ்சின் அணைந்த இறக்கம்

கலால் வரின்னாலே ஜெஸிந்தாவுக்கு அது சாராயக்கடை சமாச்சாரம். கோத்தகிரிக்குப் பக்கத்துல அரவேணுவுல சின்ன மளிகைக்கடை வச்சிருக்கிறவள் அவள். புருசன் சில்வஸ்டர் பிக்கப் வண்டி ஓட்டறவன், குடியைத் தொடாத மனுசன். டீசலுக்குக் கலால் வரியை ஏத்திட்டாங்கன்னு டிவியில சொன்னப்போ, நமக்கென்னன்னு உளுந்து நிறுத்துக்கிட்டிருந்தாள். அடப்பாவமே, இந்த மலைக்குச் சோப்பு முதல் சீரகம் வரைக்கும் டீசலைக் குடிச்சுக்கிட்டுத்தானே ஏறி வருது! மாசம் முடியறதுக்குள்ள கடையில ஒரு சாமான் பழைய விலையில இல்லை. வாங்க வந்த சனமெல்லாம் அவளையே வாய்க்கு வந்தபடி பேசினாங்க.

சில்வஸ்டர் பாடு அதைவிட மோசம். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டை ஏத்திப் போக வாடகை கூட்டிக் கேட்டான். வேற வண்டியைக் கூப்பிட்டுக்கிறேன்னு வியாபாரி பட்டுனு சொல்லிட்டார். அப்புறம் மனுசன் அதே பழைய வாடகைக்கே ஓட்டினான். எப்படிங்க கட்டுபடியாகுதுன்னு அவளும் கேட்கலை.

அன்னிக்குக் கேரட் லோடோட மேட்டுப்பாளையம் இறங்கற வண்டியில, கடைக்குச் சரக்கு எடுக்க அவளும் ஏறினாள். குஞ்சப்பனை செக்போஸ்ட்டைத் தாண்டினதும் அவன் நியூட்ரலுக்கு மாத்திச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்னுபோச்சு, வண்டி மட்டும் தானா உருண்டுச்சு. ஏனுங்க, என்னாச்சுன்னு அவள் பதறினாள். இறங்கற வண்டிக்கு எதுக்கு டீசலை எரிக்கோணும்னான் அவன்.

சொல்லி வாய் மூடலை, கொண்டை ஊசி வளைவு வந்துருச்சு. பிரேக்கை மிதிச்சான், மறுபடியும் மிதிச்சான். எஞ்சின் ஓடாத வண்டியில ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக் கல்லு மாதிரி இறுகிப்போகும். இறுகிப்போச்சு. பின்னால மூட்டை பாரம் தள்ளுது, எதிர்ல பள்ளம். சீட்டை விட்டு எழும்பி நின்னே மிதிக்கறான். ஜெஸிந்தா மாதாவேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டாள். அவன் சாவியைத் திருப்பி, கியரை அடிச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து என்னென்னமோ பண்ணினான். வண்டி உறுமிக்கிட்டே தடுப்புச் சுவரை உரசி நின்னுச்சு.

இறங்கி ரோட்டோரமா உட்கார்ந்தாள். அவனும் இறங்கி வந்து உரசின பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

"இனியும் அணைப்பீங்களா?"

"அணைக்காட்டி இந்த வாடகைக்கு ஓட்ட முடியாது ஜெஸி. எல்லா வண்டியும் இப்படித்தான் இறங்குது."

அந்நேரம் மேல் வளைவுல பிள்ளைங்க பாடற சத்தம். ஊட்டியைச் சுத்திப் பார்த்துட்டுத் திரும்பற டூரிஸ்ட் வேன். பாட்டு வார்த்தை வார்த்தையா தெளிவாக் கேட்டுச்சு. கூட எஞ்சின் சத்தமே இல்லை.

ஜெஸிந்தா எழுந்து ஓடினாள். கியர்ல போடுங்க, கியர்ல போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தி, ரெண்டு கையையும் ஆட்டினாள். பிள்ளைங்க சன்னல் வழியா அவளுக்கு டாட்டா காட்டிக்கிட்டே வளைவுல இறங்கிப் போனாங்க.