புழுதிக்கு மூன்று வேளைத் தண்ணீர்

ஆபீஸ் தமிழ் எழுதுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பால் ஒரு தெருவே காலிக்குடத்தோடு நின்றது. முட்டாள்தனத்திலும் நான் கஞ்சத்தனம் பார்க்கிற ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டுக்குக் கிழக்கே ஓர் ஊராட்சியில் எழுத்தராக இருந்தேன். கேளம்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பத் தொடங்கிய நேரம். ஜல்லி எங்கள் ஊர்க் குவாரியிலிருந்துதான் போனது. குவாரிக்காரர் கல்லை உடைத்து ஜல்லியாக்கப் புதிதாக ஒரு கிரஷர் போட அனுமதி கேட்டு வந்தார். குத்தகை கொடுப்பதெல்லாம் கலெக்டர் ஆபீஸ். மிஷின் வைக்க மட்டும் ஊராட்சித் தீர்மானம் வேண்டும். அதில் நிபந்தனையும் போடலாம் என்று தெரிந்ததும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

எங்கள் ஊராட்சித் தலைவரம்மா நெல் போடுகிற குடும்பம். பேச்சில் படு சிக்கனம்.

"இஸ்கூல் பசங்க லாரிப் புழுதில இருமிகினு போதுங்க. புழுதி வரக்கூடாது. எழுது."

ஒரு வரியில் முடிய வேண்டியதை எட்டு நிபந்தனையாக நீட்டினேன். லாரிக்குத் தார்ப்பாய், பள்ளி விடும் நேரத்தில் வெடி கூடாது, சாலையில் நாளொன்றுக்கு மூன்று வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். தாளில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. 'மேற்கண்ட யாவும் ஊராட்சித் தலைவர் நேரில் கண்டு திருப்தியுறும் வண்ணம் அமைதல் வேண்டும்' என்று அலங்காரமாக ஒன்பதாவதையும் சேர்த்தேன். குவாரிக்காரர் வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பை என் தமிழுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் சாலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. டீக்கடையில் எனக்குத் தனி மரியாதை. அடுத்த வாரம் மேட்டுத்தெருக் குழாயில் வெறும் காற்று வந்தது. குடங்களோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் டீக்கடை மரியாதை ஆவியாகிப் போனது.

அந்தக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் ஊராட்சிக் கிணற்றுக்கு ஓடினேன். குவாரியின் டேங்கர் டிராக்டர் அங்கே ஓஸ் குழாயைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது? ஊர் குடிக்கிற தண்ணி!"

டிரைவர் அசரவில்லை. "கோச்சிக்காத அண்ணாத்த. மூணு வேளன்னு நீதான எழுதின? ரெண்டு வேளன்னு எழுதியிருந்தா ஒரு வேளத் தண்ணியாச்சும் மிஞ்சியிருக்கும்."

குவாரிக்காரரிடம் போனேன். அவர் தீர்மான நகலை எடுத்து என் முன்னால் விரித்தார். "எந்தத் தண்ணின்னு எங்க சார் போட்டுக்கீது? காட்டுங்க, நிறுத்திடறேன்." நானும் ஒன்பதையும் மூன்று தரம் படித்தேன். அருமையான தமிழ். தண்ணீர் எங்கிருந்து என்பது மட்டும் இல்லை.

யூனியன் ஆபீஸில் கேட்டால், போட்ட நிபந்தனையை நடுவில் மாற்ற முடியாது, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்றார்கள். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை மேட்டுத்தெரு என்ன குடிக்கும்?

தலைவரம்மாவிடம் வந்து தலையைக் குனிந்தேன். அவர் திட்டவில்லை.

"எழுதினத மொத்தமாப் படி."

படித்தேன். ஒன்பதாவதில் கையை உயர்த்தினார். "நிறுத்து. அத்த இன்னொரு தபா படி."

மறுநாள் காலை குவாரிச் சாலையின் நடுவில் போய் நின்றார். பின்னால் மேட்டுத்தெருப் பெண்கள், குடங்களோடு. குவாரிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா, நல்லாத்தான தெளிச்சிக்கீறோம்?"

"எனக்குத் திருப்தி இல்ல."

"ஏம்மா?"

"கெணத்துத் தண்ணி தெளிச்சா திருப்தி வர்ல. நீ கல்லு எடுத்த பழைய பள்ளத்துல மழத்தண்ணி ரொம்பிக் கெடக்குது. அத்தத் தெளி. திருப்தி வருதான்னு பாக்கறேன்."

குவாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒன்பதாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே டேங்கர் பள்ளத்துக்குப் போனது. இரண்டு நாளில் மேட்டுத்தெருக் குழாய் இருமி, துப்பி, கடைசியில் தண்ணீர் விட்டது. தலைவரம்மா தம் குடத்தை வைத்துவிட்டு அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரியாதையை மீட்க இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"தலைவரம்மா, அந்த ஒம்பதாவது நான் போட்டதுதான்."

குடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தெரியும், கெணத்த எழுதாம வுட்டதும் நீதான்."