குளிச்சிட்டு வரச் சொன்ன கப்பு

ஏகாம்பரம் அண்ணன் செத்துட்டாரு.

நேத்து சாயங்காலம் உப்பளத்துலேர்ந்து வந்து சைக்கிளை நிறுத்தினவரு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னு படுத்தாரு... அவ்ளோதான். இன்னிக்கு மத்தியானம் எடுத்தாச்சு. இப்பதான் தலைக்கு ஊத்திக்கினு வந்து இதை எழுதுறேன். தப்பு இருந்தா படிச்சவங்க திருத்திக்குங்க.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். மரக்காணம் உப்பளத்துல வேலை செய்யிற நாங்க ஏழு பேரு ஒரு கபடி டீம். அண்ணன் கேப்டன். நான் கார்னர். என்னைவிட என் வாய்தான் நல்லா ஆடும்னு அண்ணன் சொல்லுவாரு.

அப்பல்லாம் பொம்மையார்பாளையம், கூனிமேடு, அந்தப் பக்கம் பெருமுக்கல் வரைக்கும் ஊரூரா சேந்து வருசா வருசம் ஒரு கப்பு நடக்கும். நாக் அவுட். ஒரு மேட்ச் தோத்தா பையைத் தூக்கிக்கினு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஜெயிச்ச டீம் ஒரு வருசம் கப்பை வெச்சிருந்துட்டு திருப்பிக் குடுக்கணும். தொடர்ந்து மூணு வருசம் அடிச்சா... கப்பு அவங்களுக்கே சொந்தம்.

நாங்க உப்பு வாரிட்டு அப்படியே போய் ஆடுவோம். கை காலெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்கும். முட்டி சிராய்ச்ச ரெய்டர் எவனாவது அண்ணன் கையில சிக்குனா, ஐயோ எரியுதேன்னு கபடி கபடின்னு பாடுறதை அவனே விட்டுருவான்.

"ஏம்பா, நான் புடிக்கவே இல்லியே, தொட்டேன்"னு அண்ணன் பச்சப் புள்ள மாதிரி நிப்பாரு.

"உப்பு ரெடி தம்பி, மாங்கா எடுத்துக்கினு வா"ன்னு நான் கத்துவேன்.

ரெண்டு வருசம் கப்பு எங்ககிட்டதான். மூணாவது வருசம் கமிட்டி புது ரூல் போட்டுச்சு. உப்பள டீம் குளிச்சிட்டுதான் கிரவுண்டுல எறங்கணுமாம். எங்களுக்கு மட்டும்!

சிரிச்சிக்கினே குளிச்சோம். குளிச்சிக் குளிச்சே ஃபைனலுக்கும் வந்துட்டோம்.

ஃபைனல் அன்னிக்கு கமிட்டி செகரட்டரி வந்து அண்ணன் கையைத் தடவிப் பாத்தாரு. "இன்னும் உப்பு இருக்குதே. போய் நல்லா தேச்சிக் குளிச்சிட்டு வாங்க."

"நேரம் ஆயிடுச்சேங்க..."

"நீங்க வராம ஆரம்பிப்போமா? போய்யா."

மோட்டார் கொட்டாய்க்கு ஓடினோம். மோட்டார் சத்தத்துல மைக் கேக்கல.

ஈரத் துண்டோட திரும்பி வந்தா, எதிர் டீம் கப்பைத் தூக்கிப் புடிச்சி போட்டோ எடுத்துக்கினு இருக்குது. எங்க பேரை மூணு தடவை கூப்புட்டாங்களாம். வரலையாம். வாக் ஓவராம்.

"நீங்கதானே குளிக்கச் சொன்னீங்க?" அண்ணன் அது ஒண்ணுதான் கேட்டாரு.

"ரூல் ரூல்தான்"னாரு செகரட்டரி.

அந்த வருசத்துக்கு ஜெயிச்சவன் பேரை கப்புல செதுக்கியிருக்கானுங்க. எப்படி ஜெயிச்சான்னு செதுக்கல.

அதோட அண்ணன் கிரவுண்டு பக்கமே போகல. நான் என்ன கிண்டல் பண்ணாலும் சிரிக்கிற மனுசன், கபடின்னு வாயெடுத்தா சைக்கிளை எடுத்துருவாரு. சொந்தமா வரப்போற கப்புக்குன்னு ஃபைனலுக்கு முன்னாடியே வீட்டு சுவத்துல ஒரு பலகை அடிச்சி வெச்சிருந்தாரு. அதுல இன்னிக்கும் சோப்பு டப்பாதான் இருக்குது.

இன்னிக்கு காலைல வாசல்ல அண்ணனைக் குளிப்பாட்டிக்கினு இருந்தோம். ஒரு கார் வந்து நின்னுச்சு. அதே செகரட்டரி... இப்ப கமிட்டி தலைவராம். கையில மாலை. பின்னால ஒருத்தன் அந்தக் கப்பைத் தூக்கிக்கினு வர்றான்.

ரொம்ப வருசமா நின்னு போன டோர்னமெண்ட்டை இந்தக் கோடையில திரும்ப நடத்துறாங்களாம். அண்ணன் பக்கத்துல கப்பை வெச்சி ஒரு போட்டோ எடுத்தா பேனருக்கு ஆவுமாம்.

"நம்ம கப்போட ஹிஸ்டரியே ஏகாம்பரம்தாம்மா"ன்னாரு அண்ணிகிட்ட.

வாய்க்குப் பேர் போனவன் நான். சொம்புல தண்ணி மொண்டு அண்ணன் கையில ஊத்தினேன்.

அண்ணி அழுகையை நிறுத்திட்டு நிமிந்து பாத்தாங்க.

"அவரு குளிச்சிக்கினு இருக்காரு. நீங்க தெருவுல நின்னு மூணு தடவை பேரைக் கூப்புடுங்க. வரலைன்னா கப்பை எடுத்துக்கினு போயிடுங்க."

கார் போயிடுச்சு. நாங்க மிச்சத் தண்ணிய ஊத்தினோம்.

போ அண்ணா... அங்க எவனாவது குளிச்சிட்டு வான்னு சொன்னா, கிரவுண்டை விட்டு நவுராத.