தண்ணீர் குடிக்காதே என்று சொன்னவள்

முதலில் வந்தது வலி அல்ல, கறை. என் தங்கை செல்வி தன் உள்ளாடையைச் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அவளுக்குப் பத்து வயது. வயதுக்கு மீறிய எடை.

"புள்ளைக்கு வயித்தால போவுதுட்டி" என்றாள் அம்மா. தாராவியில் எங்கள் சந்து முனை டாக்டரும் அதை நம்பிப் பேதியை நிறுத்த மாத்திரை கொடுத்தார். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேதி என்பதால் அம்மா காயையும் பழத்தையும் நிறுத்தினாள். சோர்ந்துபோவாளே என்று பிஸ்கட்டையும் ஜவ்வரிசிக் கஞ்சியையும் கூட்டினாள். எடை ஏறியது. கறை நிற்கவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"இனி ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்" என்று செல்வி சொன்ன அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், பட்டம் வாங்கியவள் நான். அடுத்தவள் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்பதா?

விடுப்பு எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நடைபாதையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். இளம் டாக்டர் தலை நிமிராமலே, "முதலில் எடையைக் குறைக்கட்டும்" என்றார் இந்தியில். பத்து வயதுப் பிள்ளை தானாகவா எடை ஏற்றிக்கொண்டது?

"வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அதுவரை எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

சத்தம் கேட்டு மூத்த பெண் டாக்டர் வந்தார். செல்வியின் அடிவயிற்றை அழுத்தினார். என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். கல் போல இருந்தது.

பேதியே இல்லை. நாள்பட்ட மலச்சிக்கல், அதனால் மலக்கசிவு (இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் தானாகக் கசிவது). நாங்கள் கொடுத்த மாத்திரை அதை இன்னும் இறுக்கியிருந்தது. எடை கூடிய பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். நார்ச்சத்து இல்லாத தீனியும் ஓடியாடாத உடம்பும் எடையையும் ஏற்றும், குடலையும் மந்தமாக்கும்.

"தண்ணீர் எவ்வளவு குடிப்பாய்?"

செல்வி என்னைப் பார்த்தாள். "அக்காதான் குடிக்கக் கூடாதுன்னு சொன்னா" என்றாள் தமிழில். அதை நானே டாக்டருக்கு இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மைதான். பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எழுந்ததிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல்தான் நான் படித்து முடித்தேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்து, வாய்ப்பாடு சொல்லித் தருவதுபோல அவளுக்கும் சொல்லித் தந்தேன். என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மருந்துத்தூள் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைக்கும் இது வந்தால், வயிறு சுத்தமானதும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விரிந்துபோன குடல் பழைய பலத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். காலையில் சாப்பிட்டபின் தினமும் பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் சந்தின் பொதுக் கழிப்பறையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரையும் விடமாட்டார்கள்.

மறுநாள் செல்வியோடு நானும் வரிசையில் நின்றேன். "ஏ டபுள் இட்லி, கதவு ஒடஞ்சிராமப் பாத்துக்க" என்றாள் எதிர்வீட்டுச் சித்தி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதைக் கேட்டுத்தான் செல்வி எத்தனையோ நாள் போகாமலே திரும்பியிருக்கிறாள்.

"ஒடஞ்சா ஒங்க வீட்டுக் கதவக் கழத்தி மாட்டுதேன் சித்தி" என்றேன். சிரிப்பு நின்றது.

பள்ளியிலும் தாழ்ப்பாள் மாட்டும்வரை நான் விடவில்லை. ஏழு மாதம் ஆகிறது. கறை இல்லை. எடை இறங்கவில்லை, ஏறவும் இல்லை. செல்வி பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறாள். நானும் ஆபீஸில் குடிக்கிறேன். முதல் வாரம் பதினொரு மணிக்குச் சிறுநீர் வந்து அடிவயிறு முட்டியபோது ஏதோ நோய் என்று பயந்தேன். அந்த நேரத்தில் அப்படி ஓர் உணர்வு வரும் என்பதே என் உடம்புக்குத் தெரியாது.

இன்று காலையும் செல்வி உள்ளே, நான் கதவில் சாய்ந்து வெளியே. யாரோ பக்கெட்டால் கதவை இடித்தார்கள்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றேன். நகரவில்லை.