ஒரு முறம் தவிடு

என் வலது மூக்கில் ஒரு துளை உண்டு. ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று ஆவடி குவார்ட்டர்ஸில் யாரும் கேட்டதில்லை. எங்கெங்கிருந்தோ தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள். பாதிப்பேர் ஊரில் இந்தச் சடங்கு இருந்தது. முன்னால் பிறந்தவை தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை யாரிடமாவது கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, மூக்கைக் குத்திவிடுவார்கள். தவிட்டு விலைக்கு வந்ததை எமன் சீண்டமாட்டானாம்.

எனக்கு முன் அம்மாவுக்கு இரண்டு பிறந்து, இரண்டும் போயிருந்தன. எனவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "டேய் தவிடு, பந்தப் போடுடா!" என்று பையன்கள் கத்துவார்கள். சிரித்துக்கொண்டே போடுவேன். ஓர் உண்மையை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது: மூக்கின் மேல், வெயிலில், எல்லோரும் பார்க்க.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்தார். சுடுகாட்டில் நான் கொள்ளியோடு நிற்க, சித்தப்பா சொன்னார்: "வாங்குன புள்ள எதுக்கு? நம்ம ரத்தம் ஒண்ணு வைக்கட்டும்." ஒருவரும் அவரை அதட்டவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்குத் தெரிந்தது. என்னைத் திரும்ப வாங்கவில்லை. வேறு யாரிடமிருந்தோ வாங்கியே இருக்கிறார்கள்.

"பூந்தமல்லிப் பக்கம் ஒரு அநாத ஆசிரமம்" என்றாள் அம்மா. "அதுக்கு மேல கேக்காதய்யா."

கேட்காமல் எப்படி? சவரம் செய்யும்போது கண்ணாடியில் யாருடைய தாடையையோ மழித்தேன். ரயிலில் எதிரே அமர்ந்தவளின் நெற்றி என் நெற்றிபோல் இருந்தது என்று, ஆவடியில் இறங்காமல் திருநின்றவூர் வரை போயிருக்கிறேன்.

கரையான்சாவடியில் மெத்தைக் கடை வைத்திருந்த நண்பன், பாய் வீட்டுப் பிள்ளை, தன் மொபெட்டில் என்னை அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போனான்.

"இன்னா மாமே, எறங்கவே மாட்டேன்ற? யாரூட்டு சொத்தக் கேக்கப் போறே? உன்னியப் பத்தி நீ கேக்கப் போறே. போ, நான் இங்கியே நின்னுகினு கீறேன்."

பொறுப்பாளர் அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"ஃபைல் இருக்கு தம்பி. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா காட்ட முடியாது."

"என்னைப் பத்தினதுதானே மேடம்?"

"உங்களைப் பத்தி மட்டும் இல்லியே. பேரு வெளிய வராதுன்னு ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கோம். வேணும்னா தேடிப் பார்த்துக் கேக்குறேன். அவங்க சரின்னா சொல்றேன்."

சட்டம் என்று ஒன்று இருக்குமே என்று பூந்தமல்லி கோர்ட் வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "காட்டணும்னும் இல்ல, கூடாதுன்னும் இல்ல. தத்துப் போன அன்னைக்கே அந்த வீட்டு உறவு சட்டப்படி அறுந்துபோச்சு. எந்த உறவுல நின்னு கேப்பீங்க?"

மகன் என்று கேட்டால் மகன் இல்லை. அந்நியன் என்றால், அந்நியனுக்கு எதற்குக் காட்டவேண்டும்?

மழைக்காலம் போய் வெயில் ஏறிய பிறகு இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் அம்மாள் உட்காரச் சொல்லவில்லை. "பார்த்தேன் தம்பி. இருக்காங்க. வேண்டாம்னுட்டாங்க."

வெளியே நண்பன் ஓடிவந்தான். "இன்னா சொன்னாங்க?"

"உயிரோட இருக்காங்களாம்."

"அட, நல்ல சேதிதான மச்சான்!" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை மிதித்துக் கிளப்பினான்.

அன்று அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைப் பெற்றவளைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

கை தண்ணீருக்குள் நின்றது. "பாத்தேன்னா... எதிர்ல நின்னேன். தவிடு குடுக்காம உன்னத் தூக்க மாட்டேன்னு அடம் புடிச்சேன். பெத்தவளே அதத் தன் கையால வாங்கணும்னேன். கூட்டியாந்து நிப்பாட்டுனாங்க."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"வாங்குறவ விக்கிறவ மொகத்தப் பாக்கக் கூடாதுய்யா. பாத்தா புள்ள தங்காது. நான் தவிட்டத்தான் பாத்தேன்."

என்னைப் பெற்றவளின் எதிரே நின்றவர்களில், எனக்குச் சொல்லக்கூடிய ஒரே மனுஷி அம்மாதான். நான் சாகக் கூடாதென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேற ஒண்ணுமே தெரியாதா?"

"சின்னப் புள்ள. வளையல் இல்லாத கை. ரவிக்கை நனைஞ்சு..." அம்மா நிறுத்தினாள். "அவ முந்தியில தவிட்டக் கொட்டுனேன். கொஞ்சம் கீழ சிந்திருச்சு. உன்னத் தூக்கிட்டு வாசலத் தாண்டுறப்பத் திரும்பினேன். இனிமே பாத்தா என்னான்னு. அவ தரையில உக்காந்து சிந்துனதக் கூட்டிக்கிட்டு இருந்தா. உள்ளங்கையால, ஒரு துகள் விடாம."

"அப்பறம்?"

"தல நிமிரவே இல்லய்யா."