ஆறாயிரம் லிட்டர்

யசோதாவுக்குக் கவனம் போதாது என்று 2001-இல் எங்கள் ஆபீஸ் எழுத்திலேயே கொடுத்தது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கவனத்தை நாளுக்கு இருபது தடவை பிய்த்துத் தின்றது நாங்கள்தான். நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆபீஸ் இந்திராநகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசி அனுப்பும் பதிவை ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பதுதான் வேலை. காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். அடித்ததை டென்சில் என்பவர் சரிபார்ப்பார். எழுத்துப் பிழைக்குக் கால் மார்க் குறையும். மருந்தின் அளவில் பிழை வந்தால் மூன்று மாத மார்க்கும் போச்சு. மூன்று மாதம் தொடர்ந்து தொண்ணூற்றெட்டு சதவீதம் காட்டினால் வேலை நிரந்தரம். இரண்டு வாய்ப்புதான், பிறகு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யசோதாவின் கணவர் ஆதிகேசவன் வேலை பார்த்த பாக்டரி மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆபீஸிலேயே வேகமான கை அவளுடையது. ஆனால் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாங்களோ ஆரணியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து இறங்கியவர்கள். கன்னடம் தெரியாது என்று சொல்லும் "கன்னட கொத்தில்லா"வுக்கு மேல் ஒரு வார்த்தை வராது. வீட்டு ஓனர், கேஸ்காரர், ஆட்டோக்காரர் என்று யார் பேசினாலும் போனை அவள் காதில்தான் வைப்போம்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். சுவரைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். நாங்கள் தோளைத் தட்டினோம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை கூப்பிட வேண்டாம் என்று எழுதி ஒட்டினாள். பத்தரைக்கு எங்களோடு டைப் அடிக்கும் தருண் வந்து, "அக்கா, இது அவசரத்துக்கும் சேத்துதானா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நாற்பது கன்னட வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மாட்டினாள். அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்க வரிசையில் நின்றோம். வரிசையில் முதல் ஆள் நான்.

மூன்றாவது மாதம், கடைசி வாரம். மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் திருச்சிக்காரர். போனோடு அவளிடம் ஓடி வந்தார்.

"யசோதா, தண்ணி டேங்கர்காரன். என்ன சொல்றான்னே புரியலம்மா. ரெண்டே நிமிஷம்."

பாதி வாக்கியத்தில் இருந்தவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "ஆறு சாவிர லிட்டர், ஹத்து கண்டெகெ பர்பேக்கு," என்று பத்து மணிக்கு ஆறாயிரம் லிட்டர் வரச் சொன்னபடியே, கையால் வாக்கியத்தை முடித்தாள். டாக்டர் சொன்னது, நோயாளிக்கு அறுநூறு மில்லி சலைன் ஏற்றினோம் என்று. யசோதாவின் கை ஏற்றியது ஆறாயிரம் லிட்டர்.

டென்சில் அதைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். யசோதா தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று மாத மார்க்கும் போய், மிச்சம் ஒரே வாய்ப்பு. பெடலைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிழைக்கான காரணம் என்ற கட்டத்தில் 'கவனக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார் என்கிறீர்கள்? அதே வெங்கடசுப்ரமணியன். மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி என்று ஒரு நாள் வகுப்புக்கும் அவளை அனுப்பினார். அங்கேயும் இரண்டு தடவை போன் போட்டு வெளியே கூப்பிட்டோம். தருணின் கேஸ் சிலிண்டர் விஷயம்.

திங்கட்கிழமை வந்தாள். ஆட்டோக்காரர் காசு அதிகமாகக் கேட்கிறார் என்று கீழே இருந்து தருண் போன் பண்ணினான்.

"எனக்குக் கன்னடம் வராது," என்றாள் யசோதா.

"அக்கா, விளையாடாதீங்க."

"வராதுன்னா வராதுதான். இன்னா பண்ண சொல்றே?"

சொன்ன சொல்லில் நின்றாள். மறு வாரம் டேங்கர் வரவில்லை, ஆபீஸ் குழாயில் காற்று வந்தது. மேனேஜர் போனை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.

"கன்னடம் வராது சார்."

"நீ கன்னட மீடியத்துல படிச்சவம்மா."

"மறந்துட்ச்சு சார். கவனக் குறைவு." ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை அழுத்தினாள்.

அவர் வேறு வழியில்லாமல் சுவரில் இருந்த நாற்பது வாக்கியங்களின் முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி டேங்கர்காரரிடம் வாசித்தார். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வந்தது. வராமல் என்ன? அந்த வாக்கியங்கள் மூன்று மாதமாக அங்கேதானே தொங்கின. பிறகு நானும் படித்தேன். ஒரே மாதத்தில் என் ஓனரம்மாவோடு சண்டை போடும் அளவுக்குத் தேறினேன்.

மூன்று மாதம் கழித்து யசோதாவுக்குத் தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்தது. நிரந்தரக் கடிதத்தை இரண்டு தடவை படித்து, மடித்துக் கைப்பையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கிருத்திகா, அந்த டேங்கர்காரன் நம்பர் குடு."

எதற்கென்று புரியாமல் கொடுத்தேன். மூன்று மாதமாகத் தாமதமாக வந்த ஒவ்வொரு நாளையும் தேதி சொல்லி, மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் அவரைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஆபீஸ் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

போனை வைத்தாள். "இன்னா பாக்கறீங்க? வேலைய பாருங்க," என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.